532-ஆ, 633-ஆ, 785-ஆ: ராமன் படிவத்தில் எந்த லேசரை டிக் செய்வது?

ராமன் நிறமாலைக்கு சாம்பிள் அனுப்பியவர்களுக்கு அந்தப் படிவம் தெரிந்திருக்கும். பெயர், துறை, கைடின் கையெழுத்து, சாம்பிள் பவுடரா படலமா, நச்சுத்தன்மை உண்டா இல்லையா. அதற்குக் கீழே ஒரு வரி: லேசர் 532 / 633 / 785. லேசரின் அலைநீளம், நானோமீட்டரில். பெரும்பாலோர் அந்த வரியில் ஒரு நொடிகூட நிற்பதில்லை. போன வருடம் சீனியர் எதை டிக் செய்தாரோ அதையே டிக் செய்துவிட்டுப் பணம் கட்டப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

என்னுடையது மேக்னடைட் நானோ துகள்கள், கன்னங்கரேல் என்று ஒரு பவுடர். எக்ஸ்ஆர்டியில், அதாவது எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனையில், மேக்னடைட்டையும் இன்னொரு இரும்பு ஆக்சைடான மேக்ஹமைட்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டுக்கும் ஒரே ஸ்பைனல் வகைப் படிக அமைப்பு, பீக்குகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். அதனால்தான் ராமனுக்கு அனுப்பினேன். மேக்னடைட் என்றால் 670 செ.மீ⁻¹ அருகே ஒரு பெரிய பீக் வரவேண்டும் (இனி பீக்குக்கு எண்ணை மட்டும் சொன்னால் அது செ.மீ⁻¹, லேசருக்குச் சொன்னால் நானோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்). வந்ததோ 225, 290, 410, 1320. அச்சு அசலாக ஹேமடைட், காவிக்கல்லில் இருக்கும் அதே இரும்பு ஆக்சைடு. எக்ஸ்ஆர்டியில் ஹேமடைட்டின் சுவடே இல்லை. கைடு சாம்பிளில் கலப்படம் என்றார். நான் லேசர்தான் தப்பு என்று முடிவுகட்டி, 532-ஐ விட்டுவிட்டு அடுத்த முறை 785-ஐ டிக் செய்தேன். மறுபடியும் காவி. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒளி ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும்போது ஏறக்குறைய கோடிக்கு ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், மட்டும்தான் அணுக்களின் அதிர்வோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி நிறம் மாறி வருகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் கொல்கத்தாவில் இதைக் கண்டபோது அவர்களிடம் இருந்தது முதலில் சூரிய ஒளி, அப்புறம் பாதரச விளக்கு. தகட்டில் நிறமாலை பதிய மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். லேசர் வந்ததே 1960-ல்தான். நமக்கோ ஒரே கருவியில் மூன்று நிறம் கிடைக்கிறது, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

பாடப்புத்தகப்படி லேசர் எதுவானாலும் பீக்கின் இடம் மாறக்கூடாது. லேசருக்கும் சிதறிய ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே அளக்கிறோம்? பென்சீனுக்கும் சிலிக்கானுக்கும் அது சரி. கிராஃபீன், கார்பன் நானோ குழாய், மாலிப்டினம் டைசல்பைடு மாதிரியான பொருள்களுக்கு அது பாதிதான் உண்மை. இவற்றின் எலக்ட்ரான் நிலைகளோடு லேசரின் ஆற்றல் ஒத்துப்போனால் சில பீக்குகள் பலமடங்கு உயரும், சில இடம் நகரும், சில புதிதாக முளைக்கும்.

முதலில் 532. பச்சை. என்னிடம் யாராவது ஒரே ஒரு லேசர் வாங்கப் பணம் இருக்கிறது, எதை வாங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகிறது. கணக்குப் போட்டால், அதே பவரில் 532 தரும் சிக்னல் 633-ஐப் போல இரண்டு மடங்கு, 785-ஐப் போல ஏறக்குறைய நாலே முக்கால் மடங்கு. ஒற்றை அணு அடுக்கு மாதிரி, சிதறடிக்கப் பொருளே இல்லாத சாம்பிளுக்கு இது பெரிய விஷயம். புள்ளியும் சிறியது. 0.9 துளை எண் (எண் பெரிதானால் ஒளி சிறிய புள்ளியாகக் குவியும்) கொண்ட லென்ஸில் 532-க்கு விட்டம் சுமார் 720 நானோமீட்டர், 785-க்கு ஒரு மைக்ரானைத் தாண்டிவிடும்.

கிராஃபீனுக்கு 532 கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கிராஃபீனின் இரண்டு முக்கிய பீக்குகளில் ஜி 1580-ல், 2டி 2700-க்குச் சற்றுக் கீழே, இரண்டுமே டிடெக்டர் நன்றாக வேலைசெய்யும் பகுதியில் விழும். ஒற்றை அடுக்கில் 2டி ஒரே ஒல்லியான பீக்காக ஜி-யை விட உயர்ந்து நிற்கும். இரண்டாவது அடுக்கு சேர்ந்தவுடன் அது அகன்று தோள் விட ஆரம்பிக்கும். ஒப்பிடுவதற்கு வெளியாகியிருக்கும் நிறமாலைகளில் பெரும்பகுதி 514-லும் 532-லும் எடுத்தவை என்பதும் ஒரு சௌகரியம்.

மாலிப்டினம் டைசல்பைடுக்கும் அதுவே. இங்கே அடுக்கை எண்ணுவது 400-ஐ ஒட்டிய இரண்டு பீக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து. ஒற்றை அடுக்கில் சுமார் 19, கனமான படிகத்தில் சுமார் 25. ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று அலகுதான். அதனால் 600 கோடு கிரேட்டிங்கில் (ஒளியை நிறம் பிரிக்கும் தகடு, கோடு கூடினால் நுணுக்கம் கூடும்) எடுத்துவிட்டு அடுக்கு எண்ணாதீர்கள், 1800 கேளுங்கள். இன்னொரு லாபம், ஒற்றை அடுக்கு உமிழும் சொந்த ஒளி 670 நானோமீட்டர் பக்கம் வரும். 532 லேசரிலிருந்து பார்த்தால் அது 3900-க்கு அருகே, ராமன் பீக்குகளிலிருந்து வெகுதூரம். ஒரே உட்காரலில் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். 633-ல் இதே ஒளி 900-க்குள் வந்து விழும், அதன் சரிவு 400-ஐயும் தூக்கிவிடும். போதாக்குறைக்கு 633-ன் ஆற்றல் இந்தப் பொருள் ஒளியை வலுவாக விழுங்கும் எக்ஸைட்டான் நிலைக்குப் பக்கத்தில் இருப்பதால் 450-460 பக்கம் கூடுதல் பீக்குகள் கிளம்பும். அதிர்வுகளை ஆழமாக ஆராய்கிறவருக்கு அது பொக்கிஷம். அடுக்கு எண்ணப் போனவருக்குத் தலைவலி.

532-க்குக் குறை இரண்டு. ஒன்று ஃப்ளோரசன்ஸ், லேசரை விழுங்கிய பொருள் தானே ஒளிர்வது. கரிமப் பொருள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், நிறமாலை மலைச்சரிவு மாதிரி ஏறிப் பீக்குகளை விழுங்கிவிடும். இன்னொன்று சூடு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நானோ சாம்பிளில் நடக்கும் பாதித் தவறு இங்கேதான்.

ஒரு மில்லிவாட் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும், பிரசன்டேஷனில் சுட்டிக்காட்டும் லேசர் அளவுதான். அதை 720 நானோமீட்டர் வட்டத்துக்குள் குவித்துப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை லட்சம் வாட். உச்சி வெயில் தருவது சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். அதாவது 25 லட்சம் வெயில் ஒரே புள்ளியில். கனமான படிகமாக இருந்தால் சூடு பக்கவாட்டில் பரவித் தப்பித்துவிடும். நானோ பவுடரில் ஒவ்வொரு துகளும் தனித்தீவு, நடுவில் காற்று, சூடு போக வழியில்லை. கறுப்பு மேக்னடைட் அந்த வெப்பத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஹேமடைட்டாக மாறும். நான் காவியை அனுப்பவில்லை, கருவிக்குள்ளேயே சமைத்திருக்கிறேன்.

785-க்கு மாறியும் ஏன் திருந்தவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். மேக்னடைட் எல்லா நிறத்தையும் விழுங்கும், அதனால்தான் அது கறுப்பு. 785-ல் புள்ளி சற்றே பெரியது, ஆகவே அடர்த்தி பாதியாகக் குறையும், அவ்வளவுதான் நன்மை. ஆனால் 785-ல் சிக்னல் பலவீனம் என்பதால் ஆபரேட்டர் நல்ல எண்ணத்தோடு பவரை ஏற்றியிருந்தார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றாவது முறை பவரை 0.2 மில்லிவாட்டுக்கு இறக்கி, ஐந்து நிமிடம் சேர்த்து எடுத்தபோது 670 அகலமாக, சோம்பலாக, ஆனால் தனியாக வந்து நின்றது. படிவத்தில் பவருக்குக் கட்டமே இல்லை. என்னைக் கேட்டால் லேசர் நிறத்தை விட அந்த இல்லாத கட்டம்தான் முக்கியம்.

சூடு பொருளை மாற்றாவிட்டாலும் ஏமாற்றும். சிலிக்கான் நானோ கம்பிகளில் 520 பீக் கீழிறங்கி ஒருபக்கம் சாய்ந்தால் அளவு சிறுத்ததால் வந்த அதிர்வு அடைப்பு என்று எழுத ஆசையாக இருக்கும். சூட்டிலும் அது அப்படியேதான் இறங்கி அகலும்.

சரி, 785-க்கு வருவோம். இதன் முழு நியாயமும் ஃப்ளோரசன்ஸ்தான். ஃபோட்டானின் ஆற்றல் குறைவு என்பதால் பெரும்பாலான கரிமப் பொருள்களை அது ஒளிர வைப்பதில்லை. பாலிமரில் கலந்த நானோ துகள், மருந்தேற்றிய துகள், சாயம் ஒட்டிய துகள் எல்லாவற்றுக்கும் முதலில் 785-ல் தொடங்குவது புத்திசாலித்தனம். நம் ஊரில் ஒரு தனி வகை இருக்கிறது: வேப்பிலைச் சாற்றிலோ துளசிச் சாற்றிலோ தயாரித்த துகள்கள். எத்தனை முறை கழுவினாலும் இலையின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். பச்சையம் 680 நானோமீட்டர் அருகே ஒளிரும். 633 லேசரில் அது சரியாக 1100-ல், நிறமாலையின் நட்டநடுவில் வந்து உட்காரும். 532-ல் பச்சையத்தின் உச்சி எல்லைக்கு வெளியே போனாலும் மற்ற கரிம மிச்சங்கள் சும்மா இருக்காது. இந்த சாம்பிளுக்கு 633-ஐ டிக் செய்வது பணத்தைக் கிணற்றில் போடுவது.

785-ன் பலவீனம் சிக்னல் மட்டும் இல்லை. டிடெக்டர் சிலிக்கானால் ஆனது, 1000 நானோமீட்டர் நெருங்க நெருங்க அதற்குக் கண் மங்கும். 785-ல் தொடங்கினால் கிராஃபீனின் 2டி பீக் சுமார் 986 நானோமீட்டரில் வரும், 3000-ல் இருக்கும் கார்பன்–ஹைட்ரஜன் அதிர்வு 1027-ல். பார்க்கவே முடியாது என்றில்லை, ஆனால் ‘2டி சிறிதாக இருக்கிறது, ஆகவே பல அடுக்கு’ என்று எழுதும் முன் சிறியதாகியிருப்பது பீக்கா டிடெக்டரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி கண்ணாடி ஸ்லைடு. சாதாரணக் கண்ணாடி 785-ல் 1400 பக்கம் அகலமாக ஒரு மேட்டைக் காட்டும், கார்பனில் குறைபாட்டைக் காட்டும் டி பீக் இருக்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே. இல்லாத குறைபாட்டை இருப்பதாக எழுதியவர்கள் உண்டு. அடுப்படி அலுமினியத் தாளை மடித்து அதன்மேல் பவுடரைத் தூவினால் பிரச்சினை தீர்ந்தது.

633-ஐப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. சிக்னலில் நடுத்தரம், ஃப்ளோரசன்ஸில் நடுத்தரம், சூட்டிலும் நடுத்தரம். நடுவில் இருப்பது நல்லது என்று நினைத்து டிக் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக் குறையும் சேர்ந்து வரும் இடமும் அதுதான். ஆனாலும் இரண்டு வேலைக்கு அது வேண்டும். ஒன்று தங்க நானோ துகளை வைத்து சிக்னலைப் பெருக்கும் சர்ஸ் முறை. தங்கம் பச்சையில் ஒளியைத் தானே விழுங்கிவிடும், சிவப்பில்தான் நன்றாகப் பெருக்கும். ஆகவே தங்கத்துக்கு 633 அல்லது 785, வெள்ளிக்கு 532-கூடப் போதும். இன்னொன்று கார்பன் நானோ குழாய்.

நானோ குழாய்க்கு எந்த லேசர் என்ற கேள்வியே தவறு. குழாய் மூச்சுவிடுவது போல விரிந்து சுருங்கும் ‘மூச்சு அதிர்வு’ 100-லிருந்து 300-க்குள் வரும். அதன் இடத்தால் 248-ஐ வகுத்தால் விட்டம் நானோமீட்டரில் கிடைத்துவிடும் என்பது சிலிக்கா மேல் கிடக்கும் குழாய்களுக்குப் பலரும் பயன்படுத்தும் கணக்கு. 207-ல் பீக் வந்தால் 1.2 நானோமீட்டர். எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் லேசரின் ஆற்றலோடு எந்தக் குழாயின் எலக்ட்ரான் தாவல் பொருந்துகிறதோ அந்தக் குழாய் மட்டும்தான் தெரியும். வகுப்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பெயர்க்காரன்தான் கை தூக்குவான், மற்றவர்கள் வரவில்லை என்றா அர்த்தம்? குழாய்க்குக் குறைந்தது இரண்டு லேசர், முடிந்தால் மூன்றும். கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் எடுங்கள், ஆனால் ‘என் சாம்பிளில் இந்த விட்டம் மட்டுமே உள்ளது’ என்று எழுதாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் நடுவே மாறி மாறிப் போகிறவர்கள் விழும் பெரிய பள்ளம் கார்பனின் டி–ஜி விகிதம். குறைபாடு கூடினால் டி உயரும், அதனால் டி-யை ஜி-யால் வகுத்து ‘என்னுடையது 1.0, அவர்களுடையது 1.9, ஆகவே என்னுடையது தரமானது’ என்று ஒரு வரி. அந்த விகிதம் லேசரைப் பொறுத்தது. 2006-ல் கன்சாடோ குழுவினர் நானோ கிராஃபைட்டுக்குக் கொடுத்த சூத்திரத்தில் அலைநீளத்தின் நான்காம் அடுக்கு நேராகவே உட்கார்ந்திருக்கிறது. 20 நானோமீட்டர் படிகத் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தச் சூத்திரப்படி பரப்பு விகிதம் 532-ல் 0.96, 633-ல் 1.9, 785-ல் 4.6. சாம்பிள் ஒன்றே, யாரும் அதைத் தொடவில்லை. டி பீக்கின் இடமும் நகரும், லேசர் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட் மாறினால் சுமார் 50 அளவுக்கு. 532-ல் 1345 பக்கம் இருப்பது 785-ல் 1310-க்கு வந்துவிடும். இதைத் தகைவு, அதாவது பொருளுக்குள் இருக்கும் இழுவிசையின் விளைவு, என்று எழுதிய ஆய்வேட்டு வரைவு ஒன்றை நானே திருத்தியிருக்கிறேன்.

ஆக்சிஜனை நீக்கிக் ‘குறைத்த’ கிராஃபீன் ஆக்சைடுக்கும் அந்தச் சூத்திரத்தையே போடுவது இன்னொரு வழக்கம். துணுக்கு 2 நானோமீட்டருக்குக் கீழே போய் ஒழுங்கு குலைந்துவிட்டால் உறவே தலைகீழாகிவிடும், குறைபாடு கூடக்கூட விகிதம் இறங்கும். பீக்குகள் அகன்று ஒன்றோடொன்று கலந்திருந்தால் சூத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு அகலத்தைப் பேசுங்கள்.

ஆக்சைடுகளில் நிறத்தை விடக் கருவியின் வடிகட்டிதான் முடிவு செய்யும். டைட்டானியம் டைஆக்சைடின் அனடேஸ் வகைக்கு 144-ல்தான் உயிர். துகள் சிறுத்தால் அந்தப் பீக் மேலே நகர்ந்து அகலும், அளவைப் பற்றிய செய்தி முழுக்க அங்கே. லேசர் ஒளியை வெட்டும் வடிகட்டி 100-ஐத் தாண்டியும் வெட்டுகிறது என்றால் பீக்கின் இடது தோள் போய்விடும், 150 வரை வெட்டினால் பீக்கே போய்விடும். ‘எத்தனையிலிருந்து எடுப்பீர்கள்?’ என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

புற ஊதா, 1064 இரண்டும் சில இடங்களில் கிடைக்கும். 250 நானோமீட்டருக்குக் கீழே போனால் ஃப்ளோரசன்ஸ் ராமன் பகுதிக்குள் வராது, ஆனால் கரிமப் பொருள் பொசுங்கும். 1064 ஃப்ளோரசன்ஸை அடக்குவதில் 785-ஐ விஞ்சும், சிக்னல் 532-ல் பதினாறில் ஒரு பங்கு. நானோ படலத்தைக் கொண்டுபோய் அங்கே நிற்காதீர்கள்.

நானோவைப் பார்க்கவேண்டும் என்பதால் ஊசிமுனை ராமன், அதாவது டெர்ஸ், வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன 720 நானோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ராமனில் 10 நானோமீட்டர் துகளை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை, ஆயிரக்கணக்கான துகள்களின் சராசரியைத்தான் பார்க்கிறோம். தங்கம் அல்லது வெள்ளி முனையை ஒட்டவைத்து எடுக்கும் டெர்ஸ் காற்றிலேயே 10-20 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டும். சீனாவின் ஹஃபேயில் 2013-ல் வெற்றிடத்தில், கடுங்குளிரில், ஒரு நானோமீட்டருக்கும் கீழே போய் ஒற்றை மூலக்கூறுக்குள்ளேயே பார்த்தார்கள். ஆனால் முனை தேயும், வெள்ளி என்றால் காற்றில் கறுக்கும், காலையில் பெருக்கிய முனை மாலையில் பெருக்காது. உங்கள் கேள்வி ‘இந்த விளிம்பில் என்ன, அந்த விரிசலில் என்ன’ என்று இடத்தைப் பற்றியதாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். ‘என் பவுடர் என்ன பொருள்?’ என்பதற்கு டெர்ஸ் கேட்பது, கொசுவுக்குப் பீரங்கி.

அதனால் என் கை இப்போது இப்படிப் போகிறது. கிராஃபீன், இரு பரிமாணப் பொருள், தூய ஆக்சைடு என்றால் 532. இலைச்சாறு, பாலிமர், மருந்து என்று கரிமம் ஒட்டியிருந்தால் 785, அலுமினியத் தாளோடு. தங்க சர்ஸ் என்றால் கருவியில் எந்தச் சிவப்பு நல்ல நிலையில் இருக்கிறதோ அது. நானோ குழாய் என்றால் பணம் சேரும்வரை பொறு. ஒப்பிடப்போகும் கட்டுரை எந்த லேசரில் எடுத்தது என்று பார்க்காமல் எதையும் டிக் செய்வதில்லை. இரும்பு ஆக்சைடு என்றால் நிறம் இரண்டாம் பட்சம், 20 மடங்கு லென்ஸ் போடச் சொல்வேன். துளை எண் 0.9-லிருந்து 0.4-க்கு இறங்கினால் புள்ளியின் பரப்பு ஐந்து மடங்காகும், ஒளியின் அடர்த்தி அந்த அளவுக்கு இறங்கும், சூடும் குறையும். பவுடருக்குக் கூர்மையான புள்ளி எதற்கு?

போன மாதம் ஜூனியர் ஒருவரின் துகள்களுக்காக மறுபடி அந்தப் படிவம் கைக்கு வந்தது. 532-ஐ டிக் செய்துவிட்டு, யாரும் தொடாத ‘குறிப்பு’ கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்: சாம்பிள் மேல் பவர் 0.2 மில்லிவாட். அப்புறம் அதே இடத்தில் 0.4. அப்புறம் மறுபடி 0.2. மூன்று கோப்பும் வேண்டும். முதலும் மூன்றாவதும் ஒத்துப்போகாவிட்டால் வேறு இடம் பார்க்கவும். கருவியின் அளவைச் சரிபார்க்க அன்று எடுத்த சிலிக்கான் 520.5 கோப்பும் வேண்டும்.

ஆபரேட்டர் படித்துவிட்டுச் சிரித்தார். “சார், இதுக்கு ரெண்டு ஸ்லாட் ஆகும்.”

கட்டிவிட்டு வந்தேன். அன்றைக்குக் காவி வாங்கவும் இரண்டு ஸ்லாட்தான் கட்டியிருந்தேன்.